மேட்டு மண்ணுக்கு ஒரு புகார்

ஃபோல்மர் எஸ்பெக்குக்கு இரண்டு வேலைகள். ஒன்று, தன் மேட்டு நிலத்தில் மக்காச்சோளம் போட்டு, பால்மாடுகளைக் கறப்பது. மற்றது, மாவட்ட மண், நீர்ப் பாதுகாப்பு வாரியத்தில் உறுப்பினராக இருப்பது. முதல் வேலையில் சுமாராக வருமானம் வந்தது. இரண்டாவதில் காபி கொடுத்தார்கள். அது தேர்தலில் நின்று வரவேண்டிய பதவி. அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. ஆனாலும் ஓட்டு எண்ணி முடிகிற வரைக்கும் அவர் கவலையாகத்தான் இருந்தார்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் மண் சலித்த மாவு மாதிரி இருக்கும். எப்போதோ காற்று கொண்டுவந்து குவித்ததை இப்போது மழை தவணை முறையில் எடுத்துப்போகிறது. அதைத் தடுக்க மாநிலச் சட்டசபை எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சட்டம் போட்டது. ஒருவர் நிலத்து மண் அளவுக்கு மீறிக் கரைந்து பக்கத்து நிலத்தைக் கெடுத்தால், பக்கத்துக்காரர் வாரியத்தில் புகார் கொடுக்கலாம். வாரியம் போய்ப் பார்த்து, சரிவில் வரப்பு மேடுகள் கட்டச் சொல்லி உத்தரவு போடும். உத்தரவு வாங்கியவர் கட்டியே ஆகவேண்டும். செலவில் பெரும்பங்கை மாநிலம் உடனே ஏற்கும். புகார் இல்லாமல் உதவி கேட்கிறவர்கள் வரிசையில் நிற்கவேண்டியதுதான். அந்த வரிசை நகர்ந்ததைப் பார்த்தவர்கள் குறைவு.

சட்டம் எழுதியவர்கள் நன்றாகவே யோசித்து எழுதியிருந்தார்கள். டென்மார்க்கிலிருந்து வந்து அந்தப் பகுதியில் குடியேறிய லூத்தரன் சபைக்காரர்கள் யார்மேலும் புகார் சொல்லமாட்டார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டு மாடு தன் பயிருக்குள் நின்றால்கூட, திருப்பி ஓட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு, மாடு நல்லா இருக்குல்ல என்று விசாரித்துவிட்டு வருகிறவர்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் வாரியத் தலைவர், "புகார் ஏதாவது?" என்று கேட்பார். எல்லோரும் காபியைப் பார்ப்பார்கள். சட்டம் வந்து நாலு வருஷமாக இப்படியே நடந்தது.

ஃபோல்மரின் சரிவில் மழை அறுத்து ஒரு ஓடை விழுந்திருந்தது. கீழ் எல்லையில் தொடங்கி ஒவ்வொரு வசந்தத்திலும் மேல்நோக்கித் தின்றுகொண்டே வந்தது. இப்போது மாட்டுக்கொட்டகைக் கதவில் நின்று வாளியைக் கவிழ்த்தால் தண்ணீர் நேராக ஓடைக்குள் இறங்கியது. இன்னும் ஒரு வசந்தம், மிஞ்சினால் இரண்டு. அப்புறம் கொட்டகையும் இறங்கிவிடும். சொந்தச் செலவில் வரப்பு மேடு கட்ட அவரால் முடியாது. வரிசையில் தன் பெயரைக் கடைசியில்தான் போட்டிருந்தார். வாரியத்துக்காரர் முன்னால் போனால் தேவாலயத்தில் என்ன பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒன்றும் பேசமாட்டார்கள். அதுதான் பயம்.

அவருடைய மண் போய்ச் சேர்ந்த இடம், கீழே இருந்த அக்ஸெல் ராஸின் வயல். அக்ஸெல் மூடிப்போன முளைப்பயிரை மறுபடி விதைப்பார். வந்து விழுந்த மண்ணை டிரக்கில் அள்ளிக்கொண்டு வந்து ஃபோல்மர் வாசல் கேட் ஓரத்தில் கொட்டிவிட்டுப் போவார். அடுத்தவர் பொருள், கொடுத்துவிட வேண்டியதுதானே.

மே மாதத்தில் ஒரு நாள் ஃபோல்மர் அக்ஸெலின் சமையலறையில் போய் உட்கார்ந்தார்.

"என் மண்ணு உன் வயல்ல வந்து விழுதுல்ல, அக்ஸெல்?"

"ஏதோ கொஞ்சம்."

"கொஞ்சமா? முளை பூரா மூடிப்போச்சேப்பா."

"சோளந்தானே. மறுபடி போட்டா வருது."

"அதுக்கில்ல. நீ என் மேல வாரியத்துல ஒரு புகார் கொடேன்."

அக்ஸெல் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் உனக்கு என்ன தப்பு பண்ணேன்?"

ஃபோல்மர் சட்டத்தை விளக்கினார். அக்ஸெல் தலையாட்டி, தலையாட்டி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்ல சட்டம். அதுக்கு வேற ஆளைப் பாரு" என்றார்.

அடுப்புப் பக்கம் நின்றிருந்த அவர் மனைவி இங்கா திரும்பினாள். "இவர்கிட்டயா கேக்கறீங்க? பல் டாக்டர் நல்ல பல்லப் புடுங்கினப்போ தேங்க்ஸ் சொல்லிட்டு வந்த மனுஷன். அடுத்த வாரம் சொத்தப் பல்லுக்கும் அவருகிட்டயே போனாரு."

"அவரு வேணும்னா பண்ணாரு?" என்றார் அக்ஸெல்.

கேட்டுக் கிடைக்காததைக் கோபமூட்டி வாங்கலாம் என்று ஃபோல்மர் தீர்மானித்தார். அந்தச் சாலையில் எதிரும் புதிருமாக வண்டியில் போகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். வணக்கம், நலம், மழை வருமா எல்லாமே அந்த விரலில் அடங்கும். ஃபோல்மர் விரலைத் தூக்குவதை நிறுத்தினார். அது தானாக எழாமல் இருக்க ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கவேண்டியிருந்தது. வாரக் கடைசியில் இங்கா பெரிய பாத்திரத்தில் நூடுல்ஸும் கறியும் சேர்த்துச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். ஃபோல்மருக்குக் கை சரியில்லை என்று அக்ஸெல் சொன்னாராம்.

ஃபோல்மரின் மனைவி டாக்னி பாத்திரத்தையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "இத வெறும் பாத்திரமா திருப்பிக் கொடுக்க முடியாது. நீ சண்டை போடறதுக்கு நான் கேக் சுடணுமா?"

ஜூனில் பெருமழை பெய்தது. விடிந்து பார்த்தபோது கொட்டகையின் வேலிக்கம்பம் ஒன்று ஓடைக்குள் தலைகீழாக நின்றது. அஸ்திவாரக் கல் இரண்டு வெளியே தெரிந்தது. ஃபோல்மர் நேராக அக்ஸெலின் வயலுக்குப் போனார். அக்ஸெல் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

"கொட்டகை போயிடும், அக்ஸெல். கல்லு வெளிய வந்திருச்சு."

அக்ஸெல் மேட்டைப் பார்த்தார். மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார். "நான் உன் மேல ஒண்ணு கொடுத்தா, நீயும் என் மேல ஒண்ணு கொடுக்கணும். இல்லாட்டி நல்லா இருக்காது."

"சரி. உன் மேல என்ன இருக்கு?"

"நீதானே வாரியத்து ஆளு. பாத்துச் சொல்லு."

இரண்டு பேரும் குற்றம் தேடிப் புறப்பட்டார்கள். அக்ஸெலின் வயலில் ஒவ்வொரு வரியும் சரிவுக்குக் குறுக்கே, சீப்பு வைத்து வாரினமாதிரி போயிற்று. தண்ணீர் ஓடும் தடத்தில் புல் வளர்த்திருந்தார். ஃபோல்மர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். அந்தப் புல் ஓரத்தில் உட்கார்ந்தே விட்டார்.

"இவ்ளோ ஒழுங்கா வெச்சிருந்தா நான் எப்படிய்யா புகார் கொடுக்கறது?"

"மன்னிச்சுக்கோ" என்றார் அக்ஸெல்.

கடைசியில் அக்ஸெலே கண்டுபிடித்தார். ஃபோல்மர் வீட்டுக் கேட் ஓரம் அவர் கொட்டிய மண் மழையில் இறங்கி, டாக்னியின் ரூபார்ப் செடிப் பாத்தியை மூடியிருந்தது.

"அது என் மண்ணுய்யா" என்றார் ஃபோல்மர்.

"கொட்டினது நான்."

டாக்னியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "போன வருஷமே மூடிருச்சு" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"அவரு அவ்ளோ சிரமப்பட்டுக் கொண்டாந்து கொடுக்கறாரு. எப்படிச் சொல்றது?"

மறுநாள் இருவரும் ஒரே வண்டியில் வாரிய அலுவலகத்துக்குப் போனார்கள். செயலாளர் மேவிஸ், சட்டப்படி ஒரு வாக்குமூலம் வேண்டும் என்று டைப்ரைட்டரில் தாள் செருகினாள்.

"சொல்லுங்க மிஸ்டர் ராஸ்."

"மண்ணு வந்துச்சு" என்றார் அக்ஸெல். "பெரிய தொந்தரவு இல்ல."

மேவிஸ் கையை எடுத்துவிட்டாள். "தொந்தரவு இல்லன்னா புகார் செல்லாதுங்க."

"அப்படின்னா... கொஞ்சம் அசௌகரியம்."

"அதுவும் செல்லாது. தொந்தரவு இருக்கா, இல்லையா?"

அக்ஸெலின் நெற்றியில் வேர்வை அரும்பியது. ஜன்னலைப் பார்த்தார், தன் தொப்பியைப் பார்த்தார். ஃபோல்மர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அஸ்திவாரக் கல் அவர் கண்ணைவிட்டுப் போகவே இல்லை.

"இருக்கு" என்றார் அக்ஸெல். சொல்லிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

ஃபோல்மரின் புகாருக்கு இவ்வளவு நேரம் ஆகவில்லை. அவர் பதிவு செய்தபோது அக்ஸெல் பக்கத்திலிருந்து ஒரு தேதியைத் திருத்திக் கொடுத்தார்.

வாரியம் கூடியது. சம்பந்தப்பட்டவர் என்பதால் ஃபோல்மர் எழுந்து வெளியே போய், நடையில் அக்ஸெலோடு உட்கார்ந்தார். உள்ளே நாலு பேரும் முதல் தடவையாகச் சட்டத்தை எடுத்துப் படித்தார்கள். ஃபோல்மர் வரப்பு மேடு கட்டவேண்டும், ஓடையை நிரவிப் புல் போடவேண்டும் என்று ஒரு உத்தரவு. அக்ஸெல் இனிமேல் மண்ணைத் திருப்பிக் கொண்டுவந்து தரக்கூடாது என்று இன்னொரு உத்தரவு. அக்ஸெல் அதை இரண்டு தடவை படித்தார். வாழ்க்கையில் அவருக்கு வந்த முதல் உத்தரவு. "எழுதியிருக்கறது மரியாதையாத்தான் இருக்கு" என்றார்.

அறுவடை முடிந்ததும் புல்டோசர் வந்தது. அடுத்த வசந்தத்தின் மழை மேட்டிலேயே நின்று, மெதுவாக மண்ணுக்குள் இறங்கியது.

அந்த மாதக் கூட்டத்துக்கு ஃபோல்மர் போனபோது அலுவலக வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. ஒவ்வொரு வண்டியிலிருந்தும் பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டிரண்டு பேராக இறங்கினார்கள். தலைவர் பழக்கத்தில், "புகார் ஏதாவது?" என்று கேட்டுவிட்டுக் காபியைப் பார்க்கப் போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

"நீ சொல்லுப்பா" என்றது முதல் ஜோடியில் ஒரு குரல்.

"இல்ல இல்ல, நீ முதல்ல சொல்லு."

"என்னுது எங்க போவுது? நீ சொல்லு."

இருவரும் முடிக்கிறபாடாக இல்லை. பின்னால் நின்ற ஜோடிகள் அவசரமில்லை, மெதுவாச் சொல்லுங்க என்றார்கள். ஃபோல்மர் நாற்காலிகள் கொண்டுவந்து போட்டார். மேவிஸ் தாள் செருகிக்கொண்டு காத்திருந்தாள். மணி நாலரை ஆனபோதும் யார் முதலில் புகார் சொல்வது என்பது முடிவாகவில்லை. பால் கறக்கும் நேரமாகிவிட்டது என்று ஃபோல்மர் விடைபெற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கொட்டகை அதே இடத்தில் இருந்தது. மாடுகள் கதவருகே நின்றிருந்தன. விளக்கைப் போட்டுவிட்டு வாளியை எடுத்தார்.