எருமை படியேறிய புயல் நாள்

போன மழைக்காலத்தில் ஒரு நாள், மேசைமேல் கிடந்த என் கைபேசி திடீரென்று அலறியது. ஆம்புலன்ஸ்தான் கூடத்துக்குள் வந்துவிட்டதோ என்று பதறி எழுந்தேன். புயல் எச்சரிக்கையாம். மகன் அதைப் பாதிகூடப் படிக்கவில்லை. கைபேசியிலேயே ரொட்டி, மெழுகுவர்த்தி, தண்ணீர் கேன் என்று சொல்லிவிட்டான், கால் மணி நேரத்தில் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. புயலுக்கான ஏற்பாடு அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று போய்விட்டது. புயல் என்றால் ஒரு நாள் முழுக்க வேலை இருக்க வேண்டாமா?

எழுபதுகளில் எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது வந்த புயலுக்கு அப்படி வேலை இருந்தது. அபிராமபுரத்தில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்குத் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. மாடியில் வீட்டுக்காரர்கள், வயதான தம்பதி. நாங்கள் மாமா, மாமி என்று கூப்பிடுவோம். மாமா சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் விடமாட்டார். கூடத்தின் சிவப்புச் சிமெண்டுத் தரைமேல் அவருக்கு அப்படியொரு பிரியம். வாடகை வாங்க வரும்போது முதலில் தரையைப் பார்ப்பார், பிறகுதான் எங்கள் முகத்தை.

அன்று பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுவிட்டார்கள். கடலூருக்கும் நெல்லூருக்கும் இடையே புயல் கரையைக் கடக்கும் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. அப்பா விரலால் காற்றில் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டு, "நடுவுல நம்ம வீடுதான் இருக்கு" என்றார். அவர் கவலையோடுதான் சொன்னார். எனக்கோ, இந்தியாவின் படத்தில் எங்கள் வீட்டைக் குறித்துவிட்ட மாதிரி பெருமை தாங்கவில்லை.

எனக்குக் கிடைத்த வேலை அரிக்கேன் விளக்கின் சிம்னியைத் துடைப்பது. அம்மாவின் கை அதற்குள் நுழையாது, என் கை நுழையும். இந்த வீட்டில் என்னால் மட்டும் முடிகிற காரியம் அது ஒன்றுதான் என்ற கர்வத்தில் சாம்பலைப் போட்டு அழுத்தித் துடைத்தேன். கை உள்ளே மாட்டிக்கொண்டது. கர்வத்தையும் கையையும் சேர்த்து அம்மா சோப்புத் தண்ணீர் விட்டு வெளியே எடுத்தாள். இன்றைக்கும் எங்கேயாவது மண்ணெண்ணெய் வாசனை வந்தால் என் மணிக்கட்டு லேசாக வலிக்கிற மாதிரி இருக்கும்.

அம்மா அண்டா, குடம், அப்பா சவரம் செய்யும் குவளை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தாள். புளியோதரை கிளறினாள். இரண்டு நாளைக்குக் கெடாது என்பது அவள் கணக்கு. அடுப்பிலிருந்து இறக்கும்போதே பாதியை நான் தின்றுவிட்டேன். அப்பா கொல்லையில் தகரக் கொட்டகையைக் கயிறு போட்டுக் கட்டினார். அவர் ஒரு முனையைக் கட்டினால் காற்று மறுமுனையை அவிழ்த்தது. துணிப் பொட்டலம் கட்டிப் பழகிய கை, முடிச்செல்லாம் அழகாகத்தான் விழுந்தது. நிற்கத்தான் இல்லை.

நாலு மணி இருக்கும். மழை சாய்வாக அடிக்க ஆரம்பித்திருந்தது. வாசலில் கன்னியம்மா நின்றாள். தினமும் காலையில் எருமையை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் கண்முன்னே கறந்து கொடுக்கிற பால்காரி. அடையாற்றுக் கரையில் குடிசை. பின்னால் அந்த எருமை ராணி, சினையாக, வயிறு கனத்து நின்றது.

"ஆத்துல தண்ணி ஏறிக்கினு கீதும்மா" என்றாள். "எனுக்கு எடம் வேணாம். இஸ்கூலாண்ட போய்ப் பட்த்துக்குவேன். இத்த மட்டும் உள்ள வுடமாட்டாங்க."

அம்மா கொல்லைப் பக்கம் பார்த்தாள். தகரம் அப்போதே படபடத்துக்கொண்டிருந்தது. அதன் கீழே எருமையைக் கட்டினால் தகரமே கழுத்தில் விழும். பிறகு கூடத்தைப் பார்த்தாள். நேரே மாடிப்படி ஏறினாள். அப்பா "ஏய், இரு, இரு" என்று பின்னாலேயே போனார். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. எருமை வீட்டுக்குள் வரப்போகிறது! பள்ளிக்கூடத்தில் யாராவது நம்புவார்களா?

மாமா குடையோடு இறங்கி வந்தார். எருமையைப் பார்த்தார். எருமையும் அவரைப் பார்த்தது. தரை என்னாகும், சாணி என்னாகும், நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்று அடுக்கிக்கொண்டே போனார். கன்னியம்மா மழையில் நனைந்தபடி எருமையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மாடிப்படியிலிருந்து மாமியின் குரல் கேட்டது. "ஏன்னா, வயத்துல கன்னுக்குட்டியோட நிக்கறது. தரையை நாளைக்கு அலம்பிக்கலாம்."

மாமா குடையை மடக்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் திருவிழா. கோணிகளை உதறித் தரையில் விரித்தோம். வாசலில் மூன்று படிகள். ராணி முதல் படியிலேயே நின்றுவிட்டது. அப்பா முன்னால் இழுத்தார், கன்னியம்மா பின்னால் தள்ளினாள், நான் தேவையில்லாமல் கத்தினேன். அசையவில்லை. "அரிசி கழுவுன கழனித் தண்ணி இருந்தா காட்டும்மா" என்றாள் கன்னியம்மா. அம்மா வாளியைக் கொண்டுவந்து, பக்கத்தில் யார் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் நீட்டிவிட்டாள். நின்றது மாமா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியை எருமையின் மூக்குக்கு நேரே பிடித்து, "வா... வா..." என்று சொல்லிக்கொண்டே அவர் பின்பக்கமாக நடந்து வீட்டுக்குள் போனார். ராணி தலையை நீட்டிக்கொண்டு படிப்படியாக ஏறி உள்ளே வந்தது. நிலைப்படியில் வயிறு இடித்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஏதோ வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளத் தெரிந்ததுபோல ஒரு திணறல், அப்புறம் கூடத்துக்குள் வந்து நின்றது. வந்ததும் முதல் வேலையாகச் சிவப்புத் தரையில் சாணி போட்டது. மாமா சிரித்துவிட்டார். அவர் பல்லை நான் அன்றுதான் பார்த்தேன்.

கன்னியம்மா கிளம்பப் பார்த்தாள். "நீ மட்டும் எங்க போற? இது கத்துனா நாங்க என்ன செய்ய? பேசாம இரு" என்று அம்மா அவளுக்கு ஒரு சேலையை எடுத்துக் கொடுத்தாள்.

மாடி ஜன்னல் ஒன்று அடித்துக்கொண்டதால் மாமியும் கீழே வந்துவிட்டாள். கரண்ட் போனது. நான் துடைத்த விளக்கை ஏற்றினோம். ஒரே கூடத்தில் ஆறு பேரும் ஓர் எருமையும். புளியோதரையைக் கையில் உருட்டிக் கொடுத்தாள் அம்மா. கதவிடுக்கில் காற்று ஊளையிட்டபோதெல்லாம் எனக்குள் ஏதோ துள்ளியது. இன்னும் வேகமாக வரட்டும், கூரையைத் தூக்கட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

காற்று மெல்ல அடங்கியது. மாமாவின் டிரான்சிஸ்டரில் மாலைச் செய்தி வந்தது. புயல் திசை மாறி வடக்கே போய்விட்டதாம், சென்னைக்கு ஆபத்தில்லையாம். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். நான் அழுதேன். ஆமாம், விக்கி விக்கி அழுதேன். இவ்வளவு ஏற்பாடு செய்தும் வராமல் போய்விட்டதே!

கன்னியம்மா என் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லை. "வரலன்னா அழுவுற? எங்கூடு நிக்கும் பாப்பா. அதுக்கு நீ சிரிக்கணும்."

சட்டென்று அழுகை நின்றது. அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூட அப்படி உறைத்திருக்காது.

மறுநாள் வெயில் அடித்தது. ராணி வெளியே போகமாட்டேன் என்று அடம் பிடித்தது தனிக்கதை. மாமா தானே குடம் குடமாகத் தண்ணீர் விட்டுத் தரையை அலம்பினார். குடிசையின் ஒரு பக்கக் கீற்று மட்டும் போயிருந்தது, அப்பா கடையிலிருந்து பழைய படுதா கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து, அந்தப் புயல் அடித்த ஆந்திரக் கரையின் படங்கள் பத்திரிகையில் வந்தன. அப்பா அதை மடித்து எனக்கு எட்டாத இடத்தில் வைத்தார். நாற்காலி போட்டு ஏறிப் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்தப் புயலையும் நான் கூப்பிட்டதில்லை.

அந்த வீடு இப்போது இல்லை, ஐந்து மாடிக் குடியிருப்பு நிற்கிறது. மாமாவும் மாமியும் போய்விட்டார்கள். ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்து, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். கன்னியம்மா எந்தப் பக்கம் போனாள் என்று எங்களுக்குத் தெரியாது. எருமைகளைத் தெருவில் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது.

போன மழைக்காலத்துப் புயல் நிஜமாகவே எங்கள்மேல்தான் அடித்தது. எங்கள் தளத்தில் எட்டு வீடு. எல்லோர் வீட்டிலும் எல்லாம் இருந்தது. நான் ஒருமுறை கதவைத் திறந்து நடைபாதையை எட்டிப் பார்த்தேன். மற்ற ஏழு கதவும் சாத்தியிருந்தன. யாரும் யார் கதவையும் தட்டவில்லை.