மாறாத ஒரு வரியும் நாலு மணி ஜீப்பும்

போன வாரம் சனிக்கிழமை என் வீட்டுக்காரர் வரவில்லை. காரணம் நான்தான்!

அவருக்கு போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை. காய் உலர்த்தும் ஸ்டோருக்கு அவர்தான் பொறுப்பு. ஆறு நாள் மலையில். சனிக்கிழமை நாலு மணி ஜீப்பில் போடிக்கு இறங்குவார். நான் கீழே வீட்டில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதுகிறவள். கல்யாணமாகி மூன்று வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது குடித்தனம்.

உலர்த்தும் அறையில் அந்த வாரம் எவ்வளவு சூடு இருந்தது என்று முதலாளிக்கு ரிப்போர்ட் கொடுத்துவிட்டுத்தான் அவர் கிளம்ப முடியும். கையால் எழுதி மாய்கிறாரே என்று நானே ஒரு புரோகிராம் செய்து கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமைதான் அதற்கு முதல் நாள். பட்டனை அழுத்தினால் வாரத்து அளவுகளை ஒவ்வொன்றாகப் படித்து அதுவே ரிப்போர்ட் போட்டுவிடும். எத்தனை முடிந்தது என்று திரையில் ஒரு வரி காட்டிக்கொண்டே வரும்...

வரும் என்று நினைத்தேன். வீட்டில் பத்தே பத்து அளவை வைத்துச் சோதித்ததில், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. மலையிலோ ஒரு வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் அளவுகள்.

நாலரைக்கு போன். ஸ்டோருக்குப் பின்னால் பாறையில் ஏறினால்தான் அங்கே சிக்னல்.

"ஏம்மா, உன் புரோகிராமு 'ஆரம்பம்'னே நிக்குது. மக்கர் பண்ணுதுன்னு மூணு தடவ ஆஃப் பண்ணிப் போட்டேன். ஜீப்பு போயிருச்சு."

"அய்யோ, அது ஓடிக்கிட்டுதாங்க இருந்துச்சு! கால் மணி நேரம் விட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. காய் உலரும்போது நடுநடுவே அறைக் கதவைத் திறந்து, நாலு காயை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. அந்த மனுஷனிடம் வாய் திறக்காத புரோகிராமைக் கொடுத்தால்?

தப்பு என்ன தெரியுமா? புரோகிராமுக்குள் அளவைப் படிப்பதும் திரையில் எழுதுவதும் ஒரே ஆள். ஒன்று முடிந்ததும் அடுத்தது, அது முடிந்ததும் அடுத்தது... வரியை மாற்று என்று நான் சொல்லியிருந்தேன். மாற்ற நேரம் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருத்தினேன். வேலையைத் தனியே ஓடவிட்டு, எண்ணிக்கையை மட்டும் அவ்வப்போது திரைக்கு அனுப்ப வைத்தேன். அரை மணி நேர வேலை. அதற்குள் எத்தனை தடவை வாசலைப் பார்த்தேன்! வரமாட்டார் என்று தெரியும். இருந்தாலும் பார்த்தேன். அவருக்கென்று வாங்கிய மீன் ஃப்ரிஜ்ஜிலேயே கிடந்தது.

அப்போதுதான் உறைத்தது. நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஆறு நாளும் அவர் நினைப்புதான். ஆனால் போனில்? "சாப்பிட்டீங்களா? சரி, சோலி கெடக்கு." அவ்வளவே. உள்ளே ஓடுவது பாறைமேல் நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? நம்மில் பாதிப்பேர் இப்படித்தானே?

திங்கட்கிழமை ஜீப்பில் பென்டிரைவைக் கொடுத்தனுப்பினேன்.

நேற்று சனிக்கிழமை. அஞ்சு மணிக்கு போன்.

"வரி மாறிக்கிட்டே வந்துச்சும்மா. மெட்டு தாண்டிட்டோம்."

"வெரசா வாங்க" என்றேன். வழக்கமாக அத்தோடு வைத்துவிடுவேன். வைக்கவில்லை. "நீங்க இல்லாம வீட்டுல இருக்க முடியலங்க. தெனமும் தேடுது."

அவர் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா... போனு ஸ்பீக்கர்ல கெடக்கு. ஜீப்புல பன்னெண்டு பேரு இருக்கோம்."

கேட்டால் கேட்கட்டும்!