ஏழு நாள் ஞாயிறு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரியாது. சனிக்கிழமை ஆக்கிய சோறும் குழம்பும்தான். கடைக்குப் போகக்கூடாது, வண்டி ஏறக்கூடாது, கோவிலைத் தவிர வேறெங்கும் நடக்கவும் கூடாது. கிணற்றில் மாடு விழுந்துவிட்டால் மட்டும் தூக்கலாம். நெய்யூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைக்காரர்கள் பலர் அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள். அவர்களில் எங்கள் அத்தையை மிஞ்ச ஆளில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அத்தை அப்பாவின் தங்கை. பன்னிரண்டு வயதில் தாயை இழந்தபோது கையில் எடுத்த அகப்பையை அவள் பிறகு கீழே வைக்கவே இல்லை. தம்பிமாரை வளர்த்தாள், என் அம்மாவுக்குப் பேறுகாலம் பார்த்தாள். முப்பதை நெருங்கும்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே போன மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு மருந்துக் கடையில் வேலை. தாயில்லாத தம்பிகள் மூன்று பேர் அவரோடு இருந்தார்கள். முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனால் கடிதத்தில் கையெழுத்து மிக அழகு என்றார் அப்பா. அவர் பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

கல்யாணத்தைக் கொழும்பிலேயே வைத்துக்கொள்வதாகப் பேச்சு. அதற்கு இரண்டு வாரம் முன்பே அப்பாவும் அத்தையும் நானும் புறப்பட்டோம். அம்மா கைக்குழந்தையோடு இருந்ததால் அத்தைக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். எனக்கு எட்டு வயது.

ஒரு வெள்ளிக்கிழமை குளச்சலில் வள்ளம் ஏறினோம். கப்பல் தூரத்தில் நின்றது. முதல் அலை தலைக்கு மேல் வந்தபோது நான் அலறினேன். துடுப்புப் போட்டவர் சிரித்தார். "பயப்படாத பிள்ளே, கடலு ஒனக்கு ஒரு முத்தம் தந்துதாக்கும்!" அத்தையும் முழுக்க நனைந்திருந்தாள். ஆனால் நெஞ்சோடு அணைத்திருந்த கருப்பட்டி மூட்டையில் ஒரு சொட்டுகூடப் படவில்லை.

மறுநாள் தூத்துக்குடி. அதற்கு அடுத்த நாள் காலையில் கொழும்பு. துறைமுகத்தைப் பார்த்ததும் அப்பா பெட்டியைத் தூக்கினார். அத்தை மட்டும் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னைக்கு ஞாயிறாக்கும். நான் எறங்க மாட்டேன்" என்றாள்.

"ஏட்டி, கப்பலும் இன்னைக்கு ஓடித்தானே இஞ்ச வந்துது?"

"அது கப்பலுக்க பாவம். எனக்க காலு சும்மாதானே கெடந்துது."

அப்பா சபையில் பிரசங்கமே செய்வார். இப்போது பெட்டியைக் கீழே வைத்துவிட்டு கப்பல் கிளார்க்கிடம் ஓடினார். சாயங்காலமே கப்பல் கிளம்பிவிடும், இலங்கையைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஞாயிறுதான் திரும்ப இங்கே வரும் என்று தெரிந்தது.

"கேட்டியா? அப்பவும் ஞாயிறுதான் பிள்ளே!"

"அத அப்ப பாப்போம்" என்றாள் அத்தை.

பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவளை அப்பா பார்த்தார். பிறகு போய் மூன்று பேருக்கும் சீட்டை அடுத்த ஞாயிறுவரை நீட்டிக்கொண்டு வந்தார்.

அதற்குள் மாப்பிள்ளை ஒரு படகில் கப்பலருகே வந்துவிட்டார். அப்பா கம்பியைப் பிடித்துக் குனிந்து கத்தினார். "இன்னைக்கு எறங்க மாட்டா! ஓய்வுநாளாக்கும்!" கீழேயிருந்து, "நல்ல பிள்ளையாக்கும்! நான் காத்திருக்கேன்!" என்று குரல் வந்தது. அத்தை என் காதோரம், "ஆளு எப்பிடி இருக்காரு?" என்று கேட்டாள். வெயிலுக்குக் குடை பிடித்திருந்தார். "கொட மட்டுந்தான் தெரியுது அத்தை" என்றேன்.

அதன்பிறகு வந்த நாட்களைப் போல வேறு நாட்கள் என் வாழ்வில் வரவே இல்லை. காலித் துறைமுகத்தில் ஒரு சிங்களப் பெண் லேஸ் விற்கக் கப்பலுக்கு வந்தாள். மிஷன் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றவள் அத்தை. அதைத் திருப்பிப் பார்த்து, தப்பிப்போன ஓர் இழையை விரலால் தொட்டுக் காட்டினாள். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. ஆனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மட்டக்களப்பில் சட்டித் தயிர் வாங்கி, எங்கள் ஊர்க் கருப்பட்டியை அதில் நொறுக்கிப்போட்டுத் தின்றோம். அத்தை விரலை நக்கினாள். கப்பல் சமையற்காரர் போட்ட சோற்றை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினாள்.

"அடுத்தவங்க ஆக்கிப் போட்டா இம்புட்டு ருசியா மக்களே!"

தட்டைக் கழுவ அவள் எழுந்தால், "நீ இரி" என்று அப்பா வாங்கிக்கொண்டு போவார். வீட்டில் தான் குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காதவர் அவர். ஒரு பகல் முழுவதும் அத்தை தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக் காற்றில் உட்கார்ந்திருந்தாள். திருகோணமலையும் காங்கேசன்துறையும் கடந்து பாம்பனுக்கு வந்தோம். எங்கள் கப்பலுக்காக ரயில் பாலமே இரண்டாகப் பிளந்து மேலே எழுந்தது. கோவிலில் பாட்டுக்குக்கூடக் கைதட்டாத அத்தை, அதைப் பார்த்துக் கைதட்டினாள்.

மறுபடி ஞாயிறு, மறுபடி கொழும்பு. அதே குடை, அதே படகு. அத்தை தலையை வாரி முடிந்துகொண்டு கம்பியருகே வந்து நின்றாள். அவளைக் கண்டதும் மாப்பிள்ளை படகில் எழுந்து நின்று குடையை மடக்கினார். அவர் நல்ல பருமன். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. குடையும் அவரும் தண்ணீருக்குள் போனார்கள்.

படகுக்காரர் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து ஏற்றினார். அத்தைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கருப்பட்டி மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"அத்தை, ஞாயிறு…"

"கெணத்துல விழுந்த மாட்டத் தூக்கலாம் மக்களே" என்றபடி ஏணியில் இறங்கினாள்.

கீழே அது கேட்டிருக்க வேண்டும். சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, "மாடு நாந்தான். பைய எறங்கு, நீயும் விழுந்திராத" என்று கை நீட்டினார்.

எங்களுக்காக ஏற்பாடு செய்திருந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்போதும் அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய தம்பிகள் மூவரும் வாசலில் வரிசையாக நின்று அத்தையையே பார்த்தார்கள். அத்தை மூட்டையை அவிழ்த்துச் சுக்கும் கருப்பட்டியும் எடுத்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, "அடுப்பு எங்க?" என்று கேட்டாள்.

எனக்குப் பயமாகிவிட்டது. "இன்னைக்கு ஞாயிறாக்கும் அத்தை!"

அவள் குனிந்து அடுப்பை ஊதினாள். "இல்ல மக்களே, எனக்க ஞாயிறு முடிஞ்சாச்சு. இன்னைக்குத் திங்களாக்கும்."

அப்பா திருத்துவார் என்று அவரைப் பார்த்தேன். அவர் ஒரு விறகை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

ஒரு வாரம் கடலில் கிடந்ததில் பாவம், அத்தைக்குக் கிழமை தப்பிவிட்டது என்று நினைத்தேன். வெளியே தெரிந்தால் அவளுக்குக் குறைவு அல்லவா? ஊருக்கு வந்து, ஓய்வுநாளுக்காக அத்தை கப்பலைவிட்டு இறங்காததை மட்டும் எல்லோரிடமும் சொன்னேன். திங்கள் என்று சொன்னதை ஒருவரிடமும் சொல்லவில்லை.