வதனியின் நித்திரையும் கூரைக்குள் விட்ட குழாயும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒருவர் நித்திரை கொண்டார்.

இதுவும் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். ஓம், இந்த வாரம் எனக்கு இதுதான் செய்தி. உலகத்தில் எவ்வளவோ நடக்கிறது... அதையெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நித்திரை கொண்டவர் என் மனைவி வதனி. ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு இரவு வேலை. காலை எட்டரைக்கு, ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மேல்மாடி அறையில் போய்ப் படுப்பாள். குளிர்காலத்தில் இரண்டு போர்வையோடு சமாளித்துவிடுவாள். கோடை வந்தால் போச்சு. விடியற்காலையிலேயே வெயில் வந்து கூரையில் குந்திவிடும். பதினொரு மணிக்கெல்லாம் அந்த அறை பாண் சுடுகிற போறணை மாதிரி ஆகிவிடும்.

நோர்வேயில் வெக்கையா என்று சிரிக்கிற வாசகர்கள் ஜூலையில் ஒரு நாள் வாருங்கள். பாய் விரித்துத் தருகிறேன். எங்கள் மேல்மாடியில் படுத்துப் பாருங்கள். பிறகு சிரிக்கலாம்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். கறுப்புத் திரை போட்டேன். ஃபேன் வாங்கினேன் — அது சூட்டை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளியது. போன வருடம் கீழே ஹோலில் இருந்த ஹீட் பம்பைக் கழற்றிவிட்டுப் பெரிய ஒன்றைப் பூட்டினேன். குளிர்காலத்தில் சூடு, கோடையில் குளிர், இரண்டையும் ஊதும். ஊதியது. ஹோலில் கால் விறைத்தது, மேலே மனுசி வெந்தாள். மின்சாரக் கட்டணத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. பூட்டிய ஆளோடு போனில் சண்டை பிடித்தேன்.

“பம்பில் பிழை இல்லை. வீட்டைப் பாருங்கள்” என்றான் அவன், மெதுவாக.

என் வீட்டைக் குறை சொல்ல இவன் யார்? போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னதுதான் சரி என்பது எனக்குப் பிடிபட ஒரு வருடம் ஆனது. என்னைப் போலப் பஸ் ஓட்டுகிறவனுக்கு ஒரு குணம் உண்டு — பின்னால் இருந்து யார் வழி சொன்னாலும் காது கேட்காது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரத்துக்கு முந்திய வாரத் திங்கட்கிழமை வதனி வேலையால் வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. படியில் இருந்துகொண்டு சொன்னாள்.

“இஞ்சாருங்கோ, என்னாலை இனி ஏலாது. ராத்திரி மருந்துத் தட்டிலை பேரை மாறிப் பாத்திட்டன். கூட வேலை செய்யிற பிள்ளை கண்டபடியால் தப்பினது.”

நான் குனிந்து அவள் சப்பாத்து நாடாவை அவிழ்த்தேன்.

“ரண்டு மணித்தியால நித்திரையோடை நான் என்னெண்டு மருந்து குடுக்கிறது? ஸ்ட்ரோம்மனிலை ஒரு ஃபிளாட் பாத்து வைச்சிருக்கிறன். வாற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு ரண்டு மணிக்கு விஸ்னிங். நீங்களும் வாறியள்.”

விஸ்னிங் என்றால் விற்கிற வீட்டைத் திறந்து காட்டும் நேரம். பதினெட்டு வருடம் இருந்த வீடு. ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும். ஆனால் வதனி கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் ஒரு வழி பண்ணியிருப்பேன். அவள் களைப்பில் சொன்னாள்.

அடுத்த நாள் தோட்டத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றேன். வேலிக்கு அங்கால் ஆர்னே. பக்கத்து வீட்டுக்காரர், தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருடத்தில் நானும் அவரும் பேசியதெல்லாம் பனி, புல்லு, குப்பை எடுக்கிற நாள் — இவ்வளவுதான். அன்றைக்கு என்னவோ, வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மேல்மாடி சூடு, மனைவிக்கு நித்திரை இல்லை, ஃபிளாட் பார்க்கப் போகிறோம்.

ஆர்னே என் கூரையைப் பார்த்தார். “குளிர்காலத்தில் இந்தத் தெருவிலேயே உன் கூரையில்தான் பனி முதலில் கரைகிறது. கவனித்திருக்கிறாயா?”

கவனித்திருக்கிறேனாவது! வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். எங்கள் கூரை ராசியான கூரை, வெயில் எங்களுக்குத்தான் கூட விழுகிறது என்று.

“அது வெயில் இல்லை. உன் வீட்டுச் சூடு” என்றார் ஆர்னே. “உள்ளே இருக்கிற காற்று மேலே ஓடுகிறது. லொஃப்டைப் பார்க்கலாமா?”

லொஃப்ட் என்றால் மேல்மாடி சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கிற முக்கோண இருட்டு. எங்கள் ஆட்களின் லொஃப்டில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஊருக்குப் போகிற சூட்கேஸ்கள். சாமத்திய வீட்டு விருந்துக்கு வாங்கிய பெரிய சட்டிகள். “எதுக்கும் இருக்கட்டும்” என்று வைத்த காட்போட் பெட்டிகள்.

லொஃப்ட் மூடிக்குக் கீழே நின்றுகொண்டு ஆர்னே ஒரு மெழுகுதிரி கேட்டார். வதனி சாமியறையிலிருந்து ஊதுபத்தியைக் கொளுத்திக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை மூடியின் ஓரத்தில் பிடித்தார். புகை மேலே போக வேண்டும் அல்லவா? போகவில்லை. மேலிருந்து யாரோ ஊதியது போலக் கீழே வளைந்து வந்தது. கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது.

ஆர்னே விளக்கம் சொன்னார். குளிர்ந்த காற்றுக்குப் பாரம் கூட. நான் பெரிய பம்பை வைத்து ஊதுகிற குளிரெல்லாம் கீழே இறங்கி நிலவறைக் கதவு இடுக்கால் வெளியே போகிறது. போன இடத்தை நிரப்ப, வெயிலில் காய்ந்த லொஃப்டுக் காற்று மேல் ஓட்டைகளால் இறங்குகிறது. பம்பைக் கூட்டக் கூட்ட அதுவும் கூட இறங்கும். குளிர்காலத்தில் இதே ஓட்டைகளால் சூடு மேலே போய்ப் பனியைக் கரைக்கும்.

அதாவது, வதனியின் அறைக்குள் சூட்டை இழுத்துக்கொண்டிருந்தது என்னுடைய புது மெஷின்.

மூடி ஏன் சரியாக மூடவில்லை? அதன் ஓரத்தால் ஒரு தடித்த வயர் வந்தது. தமிழ் டிவியில் ஊர்ச் செய்தி பார்க்கக் கூரையில் டிஷ் பூட்டிய காலத்தில் நான் இழுத்த வயர். அந்தச் சேவை நின்று எத்தனையோ வருடம். டிஷ்ஷும் போய்விட்டது. வயர் மட்டும் நின்றது, மூடியும் இரண்டு விரல் திறந்தபடி நின்றது. ஆர்னே அதைப் பிடித்து, “இது என்ன?” என்றார். “செய்தி” என்றேன். வதனி சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல்.

மேலே ஏறினோம். ஏறியதும் ஆர்னே மூக்கை உறிஞ்சினார். எனக்கு மேல் வியர்த்தது. வெக்கைக்கு மட்டும் அல்ல.

அங்கே ஒரு குழாய் நின்றது. குசினி அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற ஃபேனின் குழாய். அது வீட்டுக்கு வெளியே போக வேண்டியது. நான் அதைச் சீலிங்கில் சட்டி அகலத்துக்கு ஒரு ஓட்டை வெட்டி, லொஃப்டுக்குள் விட்டிருந்தேன். குழாயைச் சுற்றிக் கை போகிற இடைவெளி. மேலே கூரைப் பலகையில் கறுப்பாக ஈரம் படிந்த வட்டம்.

“இதை யார் செய்தது?”

“நான்.”

“ஏன்?”

ஏன்? சொல்லத்தான் வேண்டியிருந்தது. இந்த வீட்டுக்கு வர முதல் ஒஸ்லோவில் மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருந்தோம். ஒரு நாள் மிளகாய்த்தூளுக்கு வறுத்தோம். அடுத்த நாள் உடுப்புத் தோய்க்கிற அறைக் கதவில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது. சிலர் சமைக்கிற மணம் மற்றவர்களுக்குத் தொல்லை என்று. பேர் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை, அந்தப் படிக்கட்டில் நாங்கள் மட்டும்தான் தமிழர். வதனி அந்தத் துண்டை உரித்து மடித்து பேர்சுக்குள் வைத்துக்கொண்டாள். மிச்சக் காலம் முழுக்க, யன்னலைப் பூட்டிக்கொண்டு, திருடர்கள் போலத்தான் சமைத்தோம்.

சொந்த வீடு வாங்கிய முதல் வாரமே நான் குழாயைத் திருப்பினேன். எங்கள் மணம் எங்கள் கூரைக்குள்ளேயே கிடக்கட்டும். ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

இதையெல்லாம் குனிந்து நின்றபடி, அரைகுறையாய் ஆர்னேக்குச் சொன்னேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

ஆர்னே கூரை விளிம்புப் பக்கம் கையைக் காட்டினார். லொஃப்டு மூச்சுவிட அங்கே நீளத்துக்கு இடைவெளி விட்டிருக்கிறார்கள். நேரே கீழே, வேலிக்கு அங்கால், அவருடைய வெளித்தளம்.

“எல்லாம் எங்களுக்குத்தான் வந்தது. பதினெட்டு வருடமாக” என்றார். “நானும் மனைவியும் பந்தயம் பிடிப்போம். இன்றைக்கு மீனா, இறைச்சியா என்று. வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்றும் பிடிபடாது. அன்றைக்கு என்ன?”

“வெள்ளிக்கிழமை மரக்கறி” என்றேன்.

“அதுதானே பார்த்தேன்” என்றார். “மணம் ஒழுங்காக வந்தது. தட்டுத்தான் ஒரு நாளும் வரவில்லை.”

சூட்கேஸ் ஒன்றின் மேல் இருந்துவிட்டேன். ஒரு துண்டுக் கடதாசிக்குப் பயந்து, பக்கத்து வீட்டு மனிதனைப் பதினெட்டு வருடம் தள்ளி வைத்திருக்கிறேன். அதே பயத்தில் வெட்டிய ஓட்டையால்தான் மனைவியின் நித்திரையும் போயிருக்கிறது.

“பலகை இன்னும் உக்கவில்லை” என்றார் ஆர்னே, கத்தியால் குத்திப் பார்த்து. “இன்னும் சில குளிர்காலம் விட்டிருந்தால் உக்கியிருக்கும். எழும்பு.”

வதனிக்கு அந்த நாட்களில் வேலை இல்லை. மூன்று பேரும் வேலையில் இறங்கினோம். சூட்கேஸ்களை முதலில் இறக்கினோம் — சூட்டைத் தடுக்கப் பரப்பி, அவை நசுக்கி வைத்திருந்த கண்ணாடிப் பஞ்சு அப்பளம் போலக் கிடந்தது. வயரை உருவினோம். மூடிக்குச் சுற்றிவர ரப்பர் பட்டி ஒட்டி, இழுத்து மூடக் கொளுக்கி போட்டோம். குழாயைச் சுவரால் வெளியே திருப்பி, சீலிங் ஓட்டையைப் பலகை வைத்து அடைத்து, ஓரமெல்லாம் பசை பூசினோம். புகைபோக்கியைச் சுற்றி மட்டும் நெருப்புப் பிடிக்காத தகடும் பசையும். அதை என்னைத் தொட விடவில்லை, ஆர்னேயே செய்தார். பிறகு ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு வதனி ஒவ்வொரு லைட்டாக, ஒவ்வொரு வயர்த் துளையாகப் போனாள். புகை வளைந்த இடமெல்லாம் பசை.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நுரை டின்னைத் தூக்கிக்கொண்டு கூரை விளிம்பு இடைவெளியையும் அடைக்கப் போனேன். ஆர்னே என் கையைப் பிடித்தார்.

“அது ஓட்டை இல்லை. அதை அடைத்தால் கூரை அழுகும். வீட்டுக் காற்று வீட்டில். லொஃப்டு வெளிக்காற்றில்.”

எதைப் பூட்டுவது, எதைத் திறந்து விடுவது... எங்கள் ஆட்களுக்கு இது எப்போதும் மாறித்தான் போகும். யன்னலைப் பூட்டினோம், வாயைப் பூட்டினோம். பூட்ட வேண்டிய மூடியைத் திறந்துவிட்டு, அது போதாதென்று பெரிய மெஷினையும் வாங்கினோம்.

சரி. போன சனிக்கிழமை இரவு வதனி வேலைக்குப் போனாள். ஞாயிறு காலை வந்தாள். விஸ்னிங் நாள். போனை அவள் படுக்கையறைக்குள் கொண்டுபோவதில்லை, குசினியில் சார்ஜில் போட்டாள்.

“ஒரு மணிக்கு அலாரம் வைச்சிருக்கிறன். அடிச்சால் வந்து எழுப்புங்கோ. எப்பிடியும் அதுக்கு முதல் முழிச்சிடுவன்தானே.”

“ஓம், நீர் போய்ப் படும்” என்றேன்.

வெளியே நல்ல வெயில். பம்பைப் பாதிக்குக் குறைத்து வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு மெதுவாகப் படியேறிப் போய் எட்டிப் பார்த்தேன். வதனி போர்வையை இழுத்துத் தோள் வரைக்கும் மூடியிருந்தாள். ஜூலை மாதத்தில், அந்த அறையில், போர்வை. கதவடியிலேயே நின்றேன். கண் கலங்கியது, மறைக்க என்ன இருக்கிறது?

அவள் இறங்கி வந்தபோது நாலு மணி. கன்னத்தில் தலையணை மடிப்பு.

“மழை பெஞ்சதோ? மேலை குளிராக் கிடந்தது.”

“இல்லை. நல்ல வெயில்.”

மணிக்கூட்டைப் பார்த்தாள். “ஐயோ, விஸ்னிங். அலாரம் அடிக்கேல்லையோ?”

“எனக்குக் கேக்கேல்லை” என்றேன். “வேணுமெண்டால் வாற கிழமை திருப்பிக் கேட்டுப் பாப்பம்.”

அவள் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தாள்.

“பாப்பம்” என்றாள் கடைசியில். “இப்ப அறக்குளா மீன் கிடக்கு, பொரிக்கட்டோ? பக்கத்து வீட்டுக்கும் நாலு துண்டு கொண்டுபோய்க் குடுங்கோ.”

பொரித்தாள். ஃபேன் போட்டுத்தான். புதுக் குழாய் இப்போது வெளிச் சுவரால், ஆர்னேயின் வெளித்தளத்தைப் பார்த்தபடிதான் நிற்கிறது. அந்தப் பக்கம் வைக்கச் சொல்லிக் கேட்டதே அவர்தான். நான் தட்டோடு வேலியடிக்குப் போனபோது அவரும் மனைவியும் முள்ளுக்கரண்டியோடு இருந்தார்கள்.

நித்திரையை மருந்துக்கடையில் வாங்க முடியாது. ஓட்டையைத் தேடி அடைக்கலாம். உங்கள் வீட்டிலும் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு லொஃப்ட் மூடிக்குக் கீழே போய் நில்லுங்கள்.

கடைசியாக, வதனிக்கு. இந்தப் பத்தியை வாசிப்பதில்லை என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு, முதல் ஆளாக வாசிக்கிறவள் நீர்தான். ஆகவே இதிலேயே சொல்லிவிடுகிறேன்...

அலாரம் அடித்தது — முதல் சத்தத்திலேயே நிறுத்தியது நான்தான்.