ஆச்சாரியார் தோப்பில் கிடந்த படகு

காந்தி மார்க்கெட்டில் வாழையிலை விற்கும் பாக்கியமேரிக்கு வாய் நீளம் என்று மார்க்கெட்டே சொல்லும். பொய்யில்லை. அப்பேர்ப்பட்டவள் 1960-ஆம் வருஷம் மூன்று மாதத்துக்கு மேல் ஒரு விஷயத்தை மனசுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும்.

அவள் புருஷன் அமிர்தசாமி பொன்மலை ஒர்க்ஷாப்பில் ரயில் பெட்டிக்கு மரவேலை செய்கிறவர். சாதுவான மனுஷன், ஒரே ஒரு பைத்தியம் மட்டும் உண்டு: கடல். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனால் மற்றவர்கள் கோவிலைப் பார்ப்பார்கள், இவர் அலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாகப்பட்டினத்திலிருந்து அந்தமான் வரை பாய்மரம் கட்டிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது இவர் ஆசை. அட்லஸில் ஒரு பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டி, சிவப்புப் பென்சிலால் வழிகூடப் போட்டு வைத்திருந்தார்.

அந்த ஈஸ்டர் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் வக்கீல் சடகோபாச்சாரியார் வீட்டுக் கதவுக்கு இழைப்பு வேலை பார்க்கப் போனவர், வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"பாக்கியம், படகு! நெசமான பாய்மரப் படகு! ஆச்சாரியார் தோப்புல கெடக்குது. நாம வாங்குறோம்!"

யாரோ ஒரு ரயில்வே துரை கொழும்பிலிருந்து கூட்ஸ் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த படகு. காவிரிக் கரையில் வைத்துப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர், நாற்பத்தேழில் அப்படியே போட்டுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிவிட்டார். தோப்பு வாடகை பாக்கிக்கு ஈடாகப் படகு ஆச்சாரியாரிடமே நின்றுபோனது. பதின்மூன்று வருஷமாக அதில் தேங்காய் மட்டை போட்டு வைத்திருந்தார்கள். பாய்மரமோ ஆச்சாரியார் வீட்டுக் கொல்லையில் மடித்துணி உலர்த்தும் கழியாக இருந்தது.

பாக்கியமேரியும் போய்ப் பார்த்தாள். இருபத்திரண்டு அடி நீளம், பர்மாத் தேக்கு. உள்ளே குனிந்து நுழைகிற மாதிரி ஒரு குட்டி அறை, அதில் இரண்டு பலகைக் கட்டில்கள். அமிர்தசாமி விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார். எங்கேயும் உளுத்துப்போகவில்லை. "ரெண்டு பேர் தாராளமாப் படுக்கலாம்" என்றார். ஒன்று இவருக்கு, இன்னொன்று ஒர்க்ஷாப் கூட்டாளி முகம்மது கனிக்கு என்று பாக்கியமேரி அங்கேயே முடிவு கட்டிக்கொண்டாள். பிள்ளை குட்டி இல்லை. பதினெட்டு வருஷத்தில் ஒரு ராத்திரிகூட அவரைப் பிரிந்து படுத்தவளில்லை. கடல் கொண்டுபோய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பாள்?

அப்போதுதான் பலகைகளுக்கு நடுவே தெரிந்த இடுக்குகள் அவள் கண்ணில் பட்டன. ஆகா என்று ஒரு யோசனை ஓடியது.

கடையில் இலைக்குத் தண்ணீர் தெளிக்க ஒரு மரப் பீப்பாய் வைத்திருந்தாள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனிலிருந்து நாலு நாள் கடையைப் பூட்டிவிட்டுத் திறந்தால் அது வெயிலில் காய்ந்து சல்லடையாக ஒழுகும். இரண்டு நாள் விடாமல் தண்ணீர் ஊற்றினால் மரம் ஊறி, இடுக்கெல்லாம் தானே மூடிக்கொள்ளும். நாலு நாள் காய்ந்த பீப்பாய்க்கே அந்தக் கதி என்றால் பதின்மூன்று வருஷம் காய்ந்த படகுக்கு?

"வாங்குங்க, வேணாம்னு சொல்லலை" என்றாள் தேனொழுக. "ஆனா மொதல்ல தண்ணியில விட்டுப் பார்ப்போம். ஒரு மணி நேரம் சொட்டுத் தண்ணி உள்ள வரக்கூடாது. வந்துச்சுன்னா இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. மாதா மேல ஆணையா ஒத்துக்கிறீங்களா?"

"பூ, இவ்வளவுதானா! நான் போட்ட கூரை ஒழுகுற ரயில் பெட்டி ஒண்ணு காட்டு பார்ப்போம்!" என்றார் அவர்.

பாவம், ரயில் பெட்டிக்காரர் புத்தி. மரத்துக்கு எமன் தண்ணீர் என்பது ஒர்க்ஷாப் வேதம். ஞாயிறு தவறாமல் போய் இழைத்தார், இடுக்கை அடைக்க மக்குப் பூசினார், வார்னிஷ் அடித்தார். தோட்டக்காரன் பக்கத்தில் குடத்தோடு நடந்தால்கூடச் சத்தம் போட்டார். பாக்கியமேரி வாயைத் திறக்கவில்லை.

"பதினெட்டாம் பெருக்கன்னிக்கு இறக்கும், ஓய். திவ்யமான நாள். எல்லாம் ரங்கநாதன் கிருபை" என்றார் ஆச்சாரியார். அவருக்கு இடம் காலியானால் சரி.

ஆடி பதினெட்டு. அம்மா மண்டபத்துப் படித்துறையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். சித்திரான்ன மூட்டையும் காதோலை கருகமணியுமாக வந்த பெண்கள், படகு என்றதும் பக்கத்திலிருந்த தோப்புக் கரைக்கு ஓடி வந்துவிட்டார்கள். உருளைக்கட்டை வைத்து, மாடு பூட்டி, நுரைத்து ஓடும் காவிரியில் இறக்கித் தென்னையோடு கயிறு கட்டினார்கள். ஒரே கைதட்டல். அமிர்தசாமி உள்ளே நின்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி கும்பிட்டார்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, தண்ணீர் அவர் முழங்காலைத் தொட்டது. பிறகு இடுப்பு. படகு அப்படியே மணலில் உட்கார்ந்தது, விளிம்பு மட்டும் ஒரு சாண் வெளியே. கும்பிட்ட கையை இறக்க மறந்து அவர் நின்ற நிற்பைப் பார்த்துக் கரையே சிரித்தது. பாக்கியமேரியும் சிரிக்கலாம் என்றுதான் வந்திருந்தாள். சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு அவர் சித்திரான்னத்தைத் தொடவில்லை. வேலை செய்யும்போது சீட்டியடிக்கிறவர், மறுநாளும் அதற்கு மறுநாளும் ஊமையாகவே வேலைக்குப் போய் வந்தார். மூன்றாம் நாள் சுவரிலிருந்த அட்லஸ் தாளைப் பதமாகப் பிய்த்து அவளிடம் நீட்டினார்.

"இந்தா, மொளகா கட்ட வச்சுக்க."

கோபமாகக் கொடுத்திருந்தால் வாங்கி வைத்திருப்பாள். மனுஷன் சாதாரணமாகக் கொடுத்தார். அதுதான் அவளைக் கொன்றது. சேசுவே, இதென்ன பாவம் பண்ணினோம் என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் இரண்டு வாளியை எடுத்துக்கொண்டாள். "கெளம்புங்க, தோப்புக்கு."

"எதுக்கு? ஊரு சிரிச்சது பத்தலையா?"

"வாங்கன்னா வாங்க!"

அன்றிலிருந்து மூழ்கியே கிடந்த படகில் இருவரும் நின்று தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார்கள். இறைக்க இறைக்கப் படகு லேசாக அசைந்தது, பிறகு எழும்பி மிதந்தது. அடிப்பலகையை முந்தானையால் துடைத்துவிட்டு, உட்கார்ந்து காத்திருந்தாள். கோவில் மணி ஒரு முறை அடித்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அடித்து ஓய்ந்தது. கையால் தடவிப் பார்த்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லை.

அமிர்தசாமி மண்டியிட்டுத் தானும் தடவினார். "எப்படி?"

"மரம் ஊறிடுச்சு. நம்ம கடைப் பீப்பாய் மாதிரி."

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"மொத நாளே."

"சொல்லக் கூடாதா பாக்கியம்?"

"சொன்னா கனியைக் கூட்டிக்கிட்டுக் கடலுக்குப் போயிடுவீங்க. நான் ஒத்தையில கெடக்கணுமா?" பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

அமிர்தசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "கனியா? அவன் காவிரியில எறங்கவே பயப்படுவான். ரெண்டாவது கட்டில் வேற யாருக்குன்னு நெனச்சே?"

"அதை ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன!" முதுகில் ஒரு அடி வைத்தாள்.

பிறகு குனிந்து அறைக்குள் போய், ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. தலையை மட்டும் வெளியே நீட்டி, கரையில் குளித்துவிட்டுத் திருமண் இட்டுக்கொண்டிருந்த ஆச்சாரியாரைப் பார்த்து அக்கரைக்கே கேட்கிற குரலில் கத்தினாள்:

"சாமி! படகு எங்களுக்குத்தான்! மொதல்ல அந்தக் கழியிலேருந்து உங்க துணியை எடுங்க!"