நீக்கலாம், சேர்க்கக் கூடாது

நான் கதை எழுதுகிறவன் அல்ல. பினாங்கில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. நடந்ததை, பட்டவர்களிடமே கேட்டு எழுதுகிறவன். “கற்பனை வராதோ?” என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவேன்.

எனக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அச்சுக்குக் கொடுக்கும் முன், ஒவ்வோர் அத்தியாயத்தையும் அதில் வருகிறவர் வீட்டுக்கே போய் வாசித்துக் காட்டுவேன். பிடிக்காததை அவர்கள் நீக்கச் சொல்லலாம். காரணம் கேட்க மாட்டேன். ஆனால் நடக்காத ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் நடக்காது. இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் முரடன்தான்.

கடைசியாக எழுதிய புத்தகம், தீவிலிருந்து பாலத்தைக் கடந்து அக்கரையில் பிறை என்ற ஊரிலுள்ள தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களைப் பற்றியது. அதில் ஓர் அக்கா வருகிறார். ஜார்ஜ்டவுனில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். ஒரே மகன். மழை பெய்த ஒரு காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனவன், பாலத்தில் லாரியில் அடிபட்டு இறந்துபோனான். அக்கா எதையும் மறைக்காமல் சொன்னார். அவன் முட்டையில் மஞ்சளை மட்டும் தின்றுவிட்டு வெள்ளையை அம்மா தட்டில் தள்ளுவது, புதுச் சட்டையைத் துவைக்காமல் போட மாட்டேன் என்று அடம்பிடிப்பது, பிறகு மருத்துவமனைப் பிணவறையில் அவன் காலுறையை வைத்து அடையாளம் சொன்னது. கேட்டேன், அழுதேன், எழுதினேன். பிணவறைப் பக்கங்கள் நன்றாக வந்திருந்தன. அப்படி நினைக்கவே மனசு கூசியது. ஆனாலும் நன்றாகத்தான் வந்திருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வாசிக்கப் போனேன். அக்காவுக்குத் தமிழ் படிக்க வராது. வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முட்டை வந்த இடத்தில் சிரித்துவிட்டார்.

“அப்படியேதான் தம்பி. வெள்ளையத் தொடவே மாட்டான்.”

மகன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கும் இடம் வந்தபோது அவர் கை நின்றது.

“கொஞ்சம் நிப்பாட்டுங்க தம்பி. அன்னைக்கு அவன் வேல முடிஞ்சி வீட்டுக்கு வந்துட்டான்னு எழுத முடியாதா?”

“அது முடியாதுக்கா.”

“புக்குலதானே லா. யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமேக்கா.”

சொன்ன கையோடு என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. வெங்காயத்தைப் பாத்திரத்தில் அள்ளிப் போட்டார். முந்தானையில் கையைத் துடைத்தார்.

“பிடிக்காதத எடுத்துரலாம்னு சொன்னீங்கள்ல?”

“சொன்னேன்.”

“அப்ப இதுக்குப் பின்னால இருக்கறது எல்லாத்தையும் எடுத்துருங்க.”

காரணம் கேட்பதில்லை என்பது நானே போட்ட சட்டம். மழை, பாலம், பிணவறை எல்லாம் போயின. அத்தியாயம் அந்தப் பையன் மோட்டாரை முடுக்கிக்கொண்டு கிளம்புவதோடு முடிந்தது. அதில் ஒரு சொல் பொய் கிடையாது. ஆனால் அதைத் திரும்பப் படிக்கும்போதெல்லாம், போகாதே என்று பிடித்து நிறுத்தலாம் போல இருந்தது.

வெளியீட்டு விழாவுக்கு அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தலைவர் உரை வழக்கம்போல் நீண்டது. பொன்னாடைகள் போர்த்தி முடிந்தபின், கேள்வி கேட்கலாம் என்றார்கள். முன்பே புத்தகத்தைப் படித்திருந்த ஓர் ஆசிரியை எழுந்தார். சின்ன வயது, முகமெல்லாம் சிரிப்பு.

“சார், கடைசியில மோட்டார் எடுத்துட்டுப் போறாரே, அந்தப் பையன ரொம்பப் பிடிச்சிருந்துச்சி. அவரு இன்னைக்கு வந்திருக்காரா?”

மைக்கைப் பிடித்தபடி நின்றேன். எதிரே அக்கா இருந்தார்.

அக்காவே பின்னால் திரும்பினார். ஆசிரியையைப் பார்த்துச் சிரித்தார்.

“வேலைக்குப் போயிருக்கான்மா. இன்னைக்கு ஓவர்டைம். வர்றதுக்கு லேட்டாவும்.”