புளியில் ஊறிய காசு

அப்பா போனில் கிசுகிசுத்தால், ஒன்று அவருக்கு உடம்பு சரியில்லை, இல்லாவிட்டால் பக்கத்துப் போர்ஷன் பெரியம்மாவைப் பற்றிப் பேசப்போகிறார் என்று அர்த்தம். அன்றைக்கு இரண்டும் இல்லை. "செவுத்துக்குள்ள காசு இருக்குது. யார்கிட்டயும் மூச்சு விடாத, கெளம்பி வா" என்றார். கொதித்தும் கொதிக்காத குழம்பை அப்படியே இறக்கி வைத்துவிட்டுக் கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தேன். அவருக்கு முட்டி வீங்கி நடக்க முடியாமல் கிடந்தபோது வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஷிஃப்ட், பிள்ளைக்குப் பரீட்சை என்று சாக்குச் சொன்னவள் நான். காசு என்றதும் ஒரு சாக்கும் வாயில் வரவில்லை.

சிதம்பரம் வீடு ஒரே வீடாகக் கட்டப்பட்டு இரண்டாகப் பிரிந்தது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பாகம் பிரித்தபோது நடுவில் இருந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பு. பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் வெளியூரில். அந்தப் பக்கம் பெரியம்மா மட்டும்தான். கல்யாணம், காரியம் என்றால் பேசிக்கொள்வோம், மற்ற நாட்களில் தண்ணீர் மோட்டார் சண்டைதான்.

அப்பாவின் அறையிலேயே பாத்ரூம் வேண்டுமென்று வேலை நடந்துகொண்டிருந்தது. பைப் புதைக்கக் கொத்தனார் அந்த நடுச்சுவரின் அடியில் கொத்தியிருக்கிறார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் அப்பா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்குப் போதும், நாளைக்கு வாப்பா" என்று போனிலேயே அவரை நிறுத்திவிட்டார். அறுபது வயதுக்கு மேல் இப்படி ஒரு சாமர்த்தியம்.

நான் போனபோது டிவி அலறிக்கொண்டிருந்தது. காசு சத்தம் அந்தப் பக்கம் கேட்கக் கூடாதாம். சுவரின் ஓட்டைக்குள் கையை விட்டேன். மக்கிப்போன துணி கையோடு வந்தது. அதற்குள் பச்சை பூத்த செப்புக் காசுகள், நடுவில் ஓட்டை போட்ட காலணாக்கள், அலுமினியப் பைசாக்கள், ராஜா தலை போட்ட ஒரு வெள்ளி ரூபாய். கூடவே கறுப்பாக, சின்னச் சின்னதாக என்னவோ கொட்டியது. எலிப் புழுக்கை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு பெருக்கி அள்ளி, தெருவில் வந்த குப்பை வண்டியில் போட்டேன்.

"எங்கப்பா ஒளிச்சு வச்சதுதான். பத்து பைசா செலவு பண்ண மாட்டாரு" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நான் பேசினில் புளியைக் கரைத்துக் காசுகளை ஊறப் போட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய காசுக்கு லட்சம் தருகிறேன் என்று ஒருத்தன் யூடியூபில் சத்தியம் செய்துகொண்டிருந்தான். அதை நம்பாதே என்று என் பிள்ளைக்கு எத்தனையோ முறை சொன்ன நான், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். "அண்ணிக்குத் தெரிஞ்சா பாதி கேப்பாங்க" என்றார் அப்பா. "ஏன் தெரியணும்?" என்று கேட்டது நான்தான்.

அப்போதுதான் வாசலில் பெரியம்மா குரல் கேட்டது. நான் பேசினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்தேன். புளி வாசனையைத்தான் மூட முடியவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். "என்னா தம்பி, காலையில இருந்து அந்த எடத்துல இடிக்கிற சத்தம் கேக்குது. நெலக்காசு ஏதும் கெடச்சுதா?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லீங்க அண்ணி. வெறும் மண்ணுதான்."

"அப்படியா? கரைஞ்சா போயிருக்கும்?" என்று சுவரையே பார்த்தார் பெரியம்மா. "நான் கல்யாணம் ஆகி வந்த வருஷந்தான் இந்த வீடு கட்டுனது. அங்க வாசலுக்கு நெல வைக்கிறப்ப அடியில ஆளாளுக்குக் காசு போட்டாங்க. உங்கப்பா வெள்ளி ரூவா போட்டாரு. நீ சின்ன பையன், எனக்கும் குடு எனக்கும் குடுன்னு அழுத. என் முந்தியில இருந்த காலணாவ உன் கையில குடுத்து, உன்னத் தூக்கிப் புடிச்சு போட வச்சேன். மறந்துட்டியா?"

பெரியம்மா போய்விட்டார்.

எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கடலூரில் நாங்கள் வீடு கட்டி நிலை வைத்தபோது, நானேதான் மஞ்சள் துணியில் காசும் நவதானியமும் முடிந்து அடியில் வைத்தேன். போட்டோகூட எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். அப்படிப்பட்டவளுக்கு, அடைத்த வாசலின் அடியில் காசைப் பார்த்ததும் நிலை ஞாபகம் வரவில்லை, லட்சம்தான் ஞாபகம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் பெரியம்மா திரும்ப வந்தார். கையில் புதுசாக ஒரு மஞ்சள் முடிச்சு. அப்பாவிடம் தராமல் கட்டிலின் ஓரத்தில் வைத்தார். "நெல எடுத்த எடம் வெறுமையா இருக்கக் கூடாது தம்பி. மூடுறதுக்கு முன்னாடி இத உள்ள வச்சுடு. நான் வைக்கக் கூடாது, எனக்குத்தான் அவுரு இல்லியே. நீ வை."

முடிச்சு லேசாக அவிழ்ந்து நாலைந்து தானியம் மெத்தையில் உருண்டது. எள்ளு, உளுந்து, பச்சைப்பயறு. நான் குப்பை வண்டியில் போட்டது எலிப் புழுக்கை இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவர்கள் எல்லாரும் சேர்ந்து வைத்த நவதானியத்தை என் கையாலேயே அள்ளிக் கொட்டியிருக்கிறேன்.

வாசல்வரை போன பெரியம்மா நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. "பாப்பா, புளியில ஜாஸ்தி நேரம் ஊற வைக்காத. அலுமினியக் காசு கறுத்துப் போயிடும்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினார்.

அப்பா குனிந்து பேசினை வெளியே இழுத்தார். புளித் தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு காலணாவை எடுத்தார், போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். எது தன்னுடையது என்று தேடினார் போலிருக்கிறது. எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. வேட்டியில் முகத்தை மூடிக்கொண்டார்.

டிவி இன்னும் அலறிக்கொண்டிருந்தது. நான் எழுந்து அணைக்கவில்லை. அணைத்தால் அப்பா அழுவது அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.